தரவையில் பதினெட்டுக் குழி

என் மச்சான் பொய் சொல்கிறார். என் மனைவியின் மூத்த காக்கா, அதாவது அண்ணன். கல்முனைக்குடியில் இரும்புக் கடை வைத்திருந்தவர், ஐந்து நேரமும் தவறாமல் தொழுகிறவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் பச்சைப் பொய் சொல்கிறார். கோல்ஃப் ஆட நான் தேர்ந்தெடுத்த இடம் வெறும் மாடு மேய்கிற தரவை என்று தேத்தண்ணிக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

எனக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினேன். கிழமையில் ஒரு காலை மைதானம் பூட்டியிருக்கும். அன்றைக்குத்தான் வேலைக்காரர்கள் ஆடலாம். அதுவும் பின்பக்கத்து மூன்று குழிகளில் மட்டும். பதினெட்டுக் குழிக்கும் புல் வெட்டிய எனக்கு ஆடக் கிடைத்தது மூன்று. ஊருக்கு வரும்போது யாரோ கழித்துவிட்ட மட்டைகளைக் கொண்டுவந்தேன். கடற்கரையில் தோணிகள் இல்லாத பக்கமாக மச்சானுக்கும் அடிக்கப் பழக்கினேன். அவர் அடித்த பந்துகளில் பாதி இன்னும் கடலில்தான் கிடக்கின்றன.

இந்த வருடம் என் வலது முழங்கால் போய்விட்டது. வைத்தியர் சத்திரசிகிச்சை என்றார். பிறகு எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்தப் "பார்ப்போம்" எனக்கு நன்றாக விளங்கியது. கத்தி வைப்பதற்கு முன் ஒரே ஒரு தரம், பதினெட்டுக் குழியையும் என் காலால் நடந்து ஆடிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

"நல்ல கோஸ் ஒண்டு பாக்கணும் மச்சான்" என்றேன். மைதானத்தை நாங்கள் அங்கே கோஸ் என்றுதான் சொல்வோம். மச்சான் அதைக் கடையில் போய்ச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன காக்கா, இந்த வயசுல கோஸ் படிக்கப் போறீங்களாம்? கம்ப்யூட்டரா, இங்கிலீஷா?"

"புல்லு" என்றேன்.

"புல்லுக்கும் சேட்டிபிக்கட் குடுக்குறானுகளா?"

மச்சான் பிளேன்டியை ஊதிக்கொண்டே, "பெயிலாகாத கோஸாத்தான் தேடிக்கிட்டு இரிக்காரு" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. விளக்கம் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். சொல்லவில்லை.

அவர் மைதானம் பார்த்த விதம் வேறு. தொலைபேசியில் படம் பார்த்தார். மலை, பனி, பூ.

"இஞ்ச பாருங்க மச்சான், சொர்க்கம் மாதிரி."

"சொர்க்கம் மேடும் பள்ளமுமா இரிக்கி. இந்தக் காலோட ஏறுறதா?"

"வண்டி குடுப்பானுகள். ஏறிக் குந்திக்கிங்க."

"குந்திக்கிட்டுப் போறதுக்கு ஒங்கட கார் போதாதா?"

படம் பார்த்து மைதானம் தேடுகிறவன் மடையன். படத்தில் எல்லாப் புல்லும் பச்சைதான். வடக்கே கடலோரமாக இருந்த மைதானம் ஒன்றுக்கு அழைப்பெடுத்தேன். அலுவலகத்தில் பேச மறுத்து, புல் வெட்டுகிறவரைக் கூப்பிடச் சொன்னேன். மழை விட்டு எவ்வளவு நேரத்தில் நடக்கலாம் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"இது கடல் மணல் காக்கா. நீங்க தேத்தண்ணி குடிச்சி முடிக்க முதல் காஞ்சிரும்."

மேடு இல்லை, எல்லாரும் நடைதான், வேலை நாட்களில் மான்கள் மட்டும்தான் நிற்கும் என்றும் சொன்னார். நொண்டி நடக்கிறவனுக்கு அதுதான் பெரிய விஷயம். பின்னால் ஒருவன் வந்து அவசரப்படுத்த மாட்டான். மத்தியானம் லுஹர் தொழ வேலையாட்களின் கொட்டில் ஒன்றும் இருந்தது. வேறு என்ன வேண்டும்?

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். போய் இறங்கியதும் மச்சானின் முகம் சுருங்கியது. புல் இடையிடையே காய்ந்திருந்தது. மான் புழுக்கை கிடந்தது.

"இதுக்கா என்ன எழுப்பிக் கொண்டு வந்தீங்க? மாவடிப்பள்ளி வட்டைல நெல்லு வெட்டின பொறகு போயிருந்தா இதவிட நல்லா இருந்திரிக்கும்."

நான் குதிகாலால் நிலத்தை அழுத்திப் பார்த்தேன். தரை கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி எழும்பியது. முழங்காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மூன்று குழி ஆடி முடித்தோம். நான்காவதை நோக்கி நடக்கும்போது நான் நின்றுவிட்டேன்.

"என்ன, கால் நோகுதா?"

"இல்ல. இது நாலாவது."

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு என் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் மற்றத் தோளில் போட்டுக்கொண்டார். கடைசி வரைக்கும் திருப்பித் தரவில்லை.

பதினோராவது குழியில் அவருடைய பந்து மணலுக்குள் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பந்து எழும்பி, புல்லில் விழுந்து, உருண்டு உருண்டு நேராகக் குழிக்குள் இறங்கியது. "அல்லாஹு அக்பர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மான்கள் நாலு பக்கமும் ஓடின. அறுபத்தைந்து வயது மனிதர் மட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்.

பதினெட்டாவது குழியில் என் பந்து விழுந்தபோது முழங்கால் வத்தகப்பழம் போல வீங்கியிருந்தது. புல்லில் அப்படியே உட்கார்ந்தேன். கடல் காற்று அடித்தது. நான் அவ்வளவு நிம்மதியாக வேறு எங்கும் உட்கார்ந்ததில்லை. எத்தனை அடியில் முடித்தேன் என்று கேட்காதீர்கள்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே மச்சான் கேட்டார்: "கால் சரியானதும் எப்ப வருவம்? அதே இடத்துக்குத்தான்."

இப்போது அதே வாய் தரவை என்கிறது. முதலில் என்னைப் பகிடி பண்ணியவர் அல்லவா, கடையில் எப்படி மாற்றிச் சொல்வார்?

மச்சான், வருகிற கிழமை எனக்குச் சத்திரசிகிச்சை. நாளை பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அதே கடையில் இருப்பேன். மான் ஓடக் கத்தியது யார், அதே இடத்துக்குத் திரும்பப் போகக் கேட்டது யார் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். எப்போது போகிறோம் என்பதையும் அங்கேயே வைத்துச் சொல்லுங்கள்.