கவிதைக் கூட்டத்துக்கு வந்த சீர்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு என் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். என் மகளின் முதல் கவிதைத் தொகுப்பு வெளியாகிற கூட்டம். செங்கம் சாலையில் ஒரு பள்ளிக்கூட அறை. மேடையில் அவள் ஒரு கவிதையைப் பாதி வாசித்திருந்தாள்.

தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எந்த விசேஷமும் நடந்ததில்லை. அதனால் அவனையும் அழைத்திருந்தோம். அடி அண்ணாமலையிலிருந்து மனைவியோடு வந்தவன், காதுகுத்துக்குக் கொண்டுவருவதுபோலத் தட்டுகளில் சீர் கொண்டுவந்தான். பழம், வெல்லம், பட்டுப்புடவை. வந்திருந்த எழுத்தாளர்கள் சிரித்தார்கள். "மாமன் நானு, வெறுங்கையோட வருவனா?" என்று அவனும் சிரித்தான்.

கவிதை ஓர் அத்தையைப் பற்றியது. கணவன் வீட்டில் இருக்கும்வரை வாய் திறக்காதவள், மாட்டுக் கொட்டகையில் மட்டும் சிரிக்கிறாள். மாடு திரும்பிப் பார்க்கிறது. யாருடைய அத்தை என்று மகள் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவில்லை. தம்பி தன் மனைவியின் கையைப் பிடித்து எழுப்பினான்.

"உன் பொண்ணு நல்லா எழுதட்டும்கா. கல்யாணத்துக்கு வேற மாமன பாத்துக்கோ."

தட்டுகள் மேசையிலேயே இருந்தன.

மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. மாமன் மாலை போடாமல் பெண் மணையில் உட்காருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மாமன் ஏன் ஒதுங்கினார் என்று தெரியாமல் மேற்கொண்டு எதுவும் பேச முடியாது என மாப்பிள்ளை வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், தண்ணீர் கொடுத்தான், பேசவில்லை. அந்த நாட்களில் என்ன சமைத்தேன் என்று நினைவில்லை. பள்ளியில் பாடம் நடத்தியிருப்பேன். மகளைத் திட்டவும் தோன்றவில்லை, அணைக்கவும் தோன்றவில்லை. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டதைக்கூட யாரோ சொல்லித்தான் கவனித்தேன்.

நலங்கு அன்று காலை மணையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமன் வருகிறாரா என்று பார்த்துவர மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய அவருடைய பெரியம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். ஷேர் ஆட்டோவிலிருந்து தம்பி மனைவி இறங்கினாள். கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

"அவரு வரல அண்ணி. மாமன் வீட்டு மாலைதான், நான் போட்டா செல்லாதா?"

பெரியம்மா நகர்ந்து வழிவிட்டார். மாலையைப் போட்டவள், மகளின் தோளிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்:

"மீதிய நான் கேக்கவே இல்லியேம்மா. மாடு திரும்பிப் பாத்தப்புறம் நான் என்ன பண்றேன்?"