தனிமைச் சாலையில் நாற்பத்தோரு வண்டிகள்

நெவாடாவில் எங்கள் ஊர் பிட்டர்வெல்லில் நாற்பத்தாறு பேர். பெட்ரோல் பங்க் என்னுடையது. அடுத்த பங்க் எண்பது மைல் தள்ளி.

வெர்ல் ஹாஸ்கெட் மாவட்டச் சாலைப் பணியாளர். முப்பத்தொரு வருடமாக மண்சாலைகளைச் சமன் செய்யும் இயந்திரத்தை ஓட்டுகிறார். எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். எங்கள் பக்கத்து வணக்கம் அதுதான். அவர் மனைவி அவரை விட்டுப் பெட்டியோடு ரீனோ நகரத்துக்குப் போனபோதும் அந்த ஒரு விரல்தான் உயர்ந்தது என்பார்கள்.

பிறகு ஏதோ ஒரு பயணப் பத்திரிகை எங்கள் நெடுஞ்சாலையை நாட்டிலேயே தனிமையான சாலை என்று எழுதிவிட்டது. தனிமையைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஊர்ச் சுற்றுலாக் குழுவினர் “இங்கே யாரும் இல்லை” என்று ஒரு பலகை வைத்தார்கள். அதன் முன் நின்று படமெடுக்க எப்போதும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சுற்றுலாக் குழுத் தலைவி டார்லா என் கடைக்கு வந்தாள். வெர்ல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க வெர்ல். சனி, ஞாயிறு நீங்க ரோட்டுப் பக்கம் வராம இருந்தா நல்லாருக்கும்.”

“ஏம்மா, நான் என்ன பண்ணேன்?”

“தனிமைன்னு நம்பி வந்தோம், அங்க ஒரு ஆள் இருக்காருன்னு புகார் எழுதிருக்காங்க.”

“என் வீடே அங்கதானே இருக்கு!”

“அதையும் எழுதிருக்காங்க.”

மறுநாள் வெர்ல் வேண்டுமென்றே தன் சொந்த வண்டியை அந்த நெடுஞ்சாலையில் எடுத்தார். பத்தொன்பதாவது மைலில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. போனில் சிக்னல் இல்லை. ஆவி பறக்க, பானெட்டைத் திறந்து வைத்து நின்றார். ஒரு கார் வேகம் குறைந்தது. சன்னலில் ஒரு பெண்ணின் கேமரா நீண்டது.

“வண்டி நின்னுபோச்சும்மா.”

“ஆமா, பிரமாதமா நிக்குது! தொப்பியக் கொஞ்சம் சாய்ச்சுக்குங்க.”

அவருக்குப் பின்னால் ஏழு வண்டிகள் தேங்கி நிற்க, படமெடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்தவனுக்கு வேறு ரசனை. “பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எனக்கு ஆளில்லாத ரோடு வேணும்.” வெர்ல் தள்ளி நின்றார், நின்றதற்குத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் நாற்பத்தோரு வண்டிகள். ஒருவரும் ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை. நாக்கு வறண்டதைவிட அதுதான் அவருக்கு உறைத்தது.

இரண்டு மணிக்கு, பக்கத்துப் பண்ணைக்காரி லாவோன் யோஸ்ட் வந்தாள். வேலித் தகராறில் இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை.

“யோவ், இருக்கியா, செத்துட்டியா?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“சீக்கிரம் சொல்லு. தண்ணிய உனக்கு ஊத்தணுமா, வண்டிக்கு ஊத்தணுமான்னு தெரியணும்.”

இரண்டுக்கும் ஊற்றினாள். குழாயைச் சுற்றி டேப் ஒட்டினாள். வழி நெடுக வேலியைப் பற்றியே சன்னல் வழியாகக் கத்தித் திட்டிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே ஓட்டி வந்து ஊரில் விட்டாள்.

இலையுதிர் காலத்தில் சுற்றுலாக் குழுவின் சுவரொட்டி வந்தது. திறந்த பானெட், வெர்லின் சாய்ந்த தொப்பி, கீழே ‘பேரமைதி’ என்ற எழுத்து. டார்லா ஒரு பிரதியைப் பரிசாகக் கொண்டுவந்தாள்.

வெர்ல் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “எனக்குப் பின்னால ஏழு வண்டி நின்னுச்சே?”

“அதெல்லாம் அழிச்சிட்டோம்.”

இப்போது சனிக்கிழமைகளில் வெர்ல் லாவோன் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார், மலைக்குப் பின்னாலுள்ள மண்சாலை வழியாக. மாவட்டத்திலேயே படுமோசமான சாலை அது. குண்டும் குழியும் பார்த்துப் பயந்து சுற்றுலாக்காரர் எவரும் அதில் திரும்புவதில்லை. ஏன் சமன் செய்யவில்லை என்று அலுவலகம் கேட்டதற்கு, “நம்ம மெஷின் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது சார்” என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.