மின்சார மோட்டாருக்கு வெந்நீர் ஒத்தடம்

ரங்கூனில் மார்கழி விடியல். துறைமுகம் போக நான் அமர்த்திய மின்சார மோட்டார் வண்டி, சூலே பகோடா என்ற புத்தர் கோயில் அருகே நகராமல் நிற்கிறது. ஏழு மணிக்கு எனக்குச் சென்னைக் கப்பல்.

"குளிருல பேட்டரி மரத்துப் போச்சுங்க ஐயா," என்கிறார் ஓட்டுநர் மஸ்தான் பாய், நாகூர்க்காரர். எனக்கோ சால்வைகூடத் தேவைப்படாத இளங்குளிர்தான்.

எதிர்த் தேநீர்க் கடை நடத்தும் பர்மியப் பெண் மா கின், கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு ஓடி வருகிறாள். பாய் பதறித் தடுக்கிறார்.

"நெருப்பு ஆகாதும்மா! பேட்டரியிலேருந்து வாயு வரும், பத்திக்கிட்டா எல்லாரும் போய்ச் சேர்ந்துடுவோம். வெந்நீர் குடு!"

சோடா பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி, சாக்கில் சுற்றி, இருக்கைக்கு அடியிலுள்ள பேட்டரிப் பெட்டியைச் சுற்றி அடுக்குகிறார். அரைமணி கழித்து வண்டி முனகிக்கொண்டு நகர்கிறது. ஏறி உட்கார்ந்த நான் அலறி எழுகிறேன். இருக்கை அப்படிச் சுடுகிறது.

"பாட்டிலை எடுத்துடுங்க பாய்!"

"எடுத்தா மறுபடி படுத்துக்கும். நின்னுக்கிட்டே வாங்க."

திறந்த மோட்டாரில் கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றே துறைமுகம் சேர்கிறேன். வாசல் காவலர் யாரோ பெரிய அதிகாரி என்று எண்ணி சலாம் வைக்கிறார். வரிசையை விலக்கி, என்னை முதல் ஆளாகக் கப்பலேற்றுகிறார். நானும் அதே விறைப்போடு பதில் சலாம் வைத்துவிட்டு ஏறுகிறேன்.