திரைக்குள் போட்ட ஊசி

தடுப்பூசி அக்காவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் எதிரி என்று யாரும் கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட அவள் தட்டோடு கிளம்பினால் போதும், நடைபாதையே காலியாகிவிடும். நாளெல்லாம் ஊரார் கையில் குத்துகிற நர்ஸுகளுக்கு அன்றைக்கென்று எங்கெங்கோ அவசர வேலை முளைக்கும்.

தலைமறைவாவதில் மன்னன் அவளுடைய சொந்தத் தம்பி. குறைமாதக் குழந்தைகளை ஏற்றிவரும் ஆம்புலன்ஸின் டிரைவர். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும் என்பதால் அவனுக்கு 'சைரன்' என்று பெயர்.

இந்த வருடம் விளையாட்டு இல்லை. அந்தச் சிசுக்களுக்கு இந்த ஊசி போடும் வயது வரவில்லை. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்டால்தான் அதுகளுக்குக் காவல். போடாதவர் நாளை முதல் குழந்தை வண்டியைத் தொடக்கூடாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தம்பிக்கோ அந்த வண்டி என்றால் உயிர். வேகத்தடை வந்தால் உள்ளே இருக்கும் பிஞ்சுக்கு வலிக்குமே என்று இவன் முகம் சுளிப்பான்.

எல்லாரும் பார்த்தால் பயம் போகும் என்று கணக்குப் போட்டு, அக்கா சாப்பாட்டுக்கூடத்தின் நட்டநடுவில் மேஜை போட்டாள். முதல் ஊசியைக் கண் இமைக்காமல் தானே போட்டுக்கொண்டாள். அப்புறம் ஈ காக்கை கூட வரவில்லை.

கடுப்பாகித் தம்பியைத் தேடிப் போனாள். பளபளவென்று இருந்த வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, கண்ணாடி தேஞ்சே போயிடும் போல?"

"எனக்கு அந்த ஊசியில நம்பிக்கை இல்லக்கா."

"யார்கிட்ட கதை விடுறே? உன் பொண்ணுக்கு ஊசின்னா லீவு போட்டுட்டு நீதானே தூக்கிட்டு ஓடி வந்தே?"

சைரன் சத்தம் அடங்கியது. "மயக்கம் வந்துடும்க்கா. அடிபட்டவங்களை அள்ளித் தூக்குறேன், ஒண்ணும் ஆகல. என் கையில ஊசின்னா மட்டும் காலு ரெண்டும் கழண்டுடுது. அத்தனை பேர் முன்னாடி விழுந்தா ஆயுசுக்கும் சிரிப்பாங்க. நீ வேற கல்லு மாதிரி உக்காந்து போட்டுக்கிட்டே!"

அவளுக்குச் சுருக்கென்றது. போஸ்டரெல்லாம் ஒட்டினோமே, இது புத்தியில் உறைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். நேராக வார்டுக்குப் போய் ஒரு பச்சைத் திரையை உருட்டிவந்து கூடத்தின் மூலையில் நிறுத்தி, பின்னால் ஒரு கட்டிலைப் போட்டு, தம்பியை அழைத்துவந்தாள்.

"எறும்பு கடிச்ச மாதிரின்னு உன்கிட்ட சொல்லமாட்டேன். வலிக்கும். ராத்திரி கை கனக்கும். படுத்துக்கோ, அந்தப் பக்கம் பாரு. கத்தணும்னா கத்து."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, நெற்றி வியர்வையோடு வெளியே வந்து கூடமே அதிரச் சொன்னான்: "வலிச்சுது! ஆனா விழல!"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே ஒவ்வொருவராகத் திரைப் பக்கம் நகர்ந்தார்கள். சாயங்காலம் அறுவை சிகிச்சை டாக்டரே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சிஸ்டர், திரையை நல்லா இழுத்து மூடிடுங்களேன்" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு குறைமாதக் குழந்தையை ஏற்றிவரச் சொல்லி அழைப்பு வந்தது. வாசலில் மேலதிகாரி, "போட்டாச்சா?" என்று கேட்டார்.

"எங்கக்கா கையால!"

மாடி வார்டில் நின்றிருந்த அக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜன்னலுக்கு ஓடிவந்து, தம்பியின் வண்டி வேகத்தடையில் பூப்போல ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.