நமது நிருபர் உள்ளே இருக்கிறார்

போன வாரம் சேலத்தில் செருப்பு தைக்கக் கொடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தேன். நனைந்த தோலின் வாசனை குப்பென்று வந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக மூச்சை உள்ளே இழுத்தேன். எனக்கு அது செருப்பு வாசனை இல்லை, பந்து வாசனை.

வெள்ளைக்காரத் துரைமார்கள் ஏற்காட்டு எஸ்டேட்டுகளை ஆண்டுகொண்டிருந்த கடைசிக் காலம் அது. அப்பா கரடியூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளியில் தையல் அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவார்கள்; அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது. உள்ளே ரப்பர் பை, வெளியே பூட்ஸ் மாதிரி கயிறு கட்டியிருக்கும். கயிற்றுப் பக்கம் தரையில் பட்டால் பந்து தன் இஷ்டத்துக்கு எங்கோ ஓடும். பனிமூட்டத்தில் ஊறித் தையல் விட்டுவிட்டால் என்னிடம்தான் வரும். மெழுகு நூல் கோத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு, என் தையல் தாங்குகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அப்படித்தான் ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் பழம் பறிக்கிற மாராயக்காவை ஒருநாள் அந்த ஜன்னலருகே உட்கார வைத்தேன். பள்ளிக்கு விறகு கொண்டுவந்தவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, அடி அத்துப்போன கூடைய எதுக்கு அவ்வளவு ஒசரத்துல கட்டியிருக்காங்க?" என்றார். அடி இருந்தால் பந்து திரும்பி வராதே என்றேன். இதற்கா இத்தனை ஓட்டம் என்று சிரித்துக்கொண்டே போனார்.

அண்ணன் சேலத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஏற்காட்டுச் செய்தி எழுதிக்கொண்டிருந்தான். காப்பி பூத்தது, மலைப் பாதையில் பஸ் நின்றது, இந்த மாதிரி. பட்டாளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கவர்கள் வீட்டில் சும்மா கிடந்தன. ஒரு சனிக்கிழமை ஆட்டத்தை எழுதி, அண்ணன் பட்டாளத்துக்குப் போய்விட்டார், இனி நான் எழுதலாமா என்று கேட்டு, முழுப் பேரைப் போடாமல் இனிஷியலோடு நிறுத்தி அனுப்பினேன். துணிச்சல் அவ்வளவுதான் இருந்தது.

அடுத்த வாரம் அச்சில் வந்துவிட்டது. மேலே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தார்கள். கூடவே ஒரு கார்டு. "அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பித்திருந்தார் ஆசிரியர். கல்லூரி நாளில் அவர் கூடைப்பந்து ஆடியவராம். காப்பி பூப்பது இருக்கட்டும், ஆட்டத்தை மட்டும் எழுதுங்கள் தம்பி என்று கேட்டிருந்தார். நான் தம்பி இல்லை என்று பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன், எழுதவில்லை. எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும் என்று பயம். எனக்கோ அதை விட்டால் வாரத்தில் வேறு நாளே இல்லை என்று ஆகிவிட்டது.

ஒருமுறை பனி இறங்கி ஒரு பக்கத்து வளையமே மறைந்துபோனது. கூடையில் விழுந்ததா இல்லையா என்று சத்தத்தை வைத்தே எழுதினேன். "மூன்று கூடைகளை நமது நிருபர் கண்ணால் காணவில்லை, காதால் கேட்டார்" என்று நானே என்னைப் பற்றிப் பெருமையாக எழுதிக்கொண்டேன். அதையும் அப்படியே போட்டார்கள்.

என் கவரைச் சேலத்துக்குக் கொண்டுபோகிறவர் பஸ் கண்டக்டர் மாரிமுத்து அண்ணன். அடிவாரத்தில் பஸ் நிற்கிற நேரத்தில் கவரைப் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிவிடுவார் என்று எனக்குத் தெரியும். கண்டுகொண்டதில்லை. பத்திரிகை ஆபீசில் என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ஒருநாள் பயந்துகொண்டே விசாரித்தேன்.

"நான் ஒரு பொய்யும் சொல்லல கண்ணு. அவங்க நல்லா இருக்காங்க, நொம்ப நல்லா எழுதறாங்கன்னு சொல்லுவேன். ஆம்பளையா பொம்பளையான்னு அவங்க கேக்கல, நானும் சொல்லல."

அச்சில் 'நிருபர்', மாரிமுத்து அண்ணன் வாயில் 'அவங்க'. நம் பாஷையில் மரியாதை கொடுத்துப் பேசினால் ஆளே மறைந்துவிடுகிறார். அந்த மறைப்பில் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அப்புறம் ஆசிரியரிடமிருந்து அந்தக் கார்டு வந்தது. "சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் சேலத்துப் பள்ளிக்கும் நடக்கிற ஆட்டத்தைப் பார்க்க நானே வருகிறேன், தம்பி கேட்டுக்கு வந்து அழைத்துப் போகவும்." மாமன் மகனை எனக்குப் பதிலாக நிற்க வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவனுக்குக் கூடைப்பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. அதோடு, பாதிரியார், டாக்டர், கேட்டுக் காவல்காரர் தவிர எந்த ஆணும் பள்ளிக்குள் வர முடியாது. ஆசிரியருக்கு அது தெரியாது. தம்பி தினமும் உள்ளே போகிறபோது தனக்கென்ன தடை என்று நினைத்திருப்பார்.

ஆட்டம் பாதி நடந்துகொண்டிருந்தது. வெள்ளக்கடை ஊர்க்காரரான அந்தக் காவல்காரர் ஜன்னலுக்கு வந்து, "ஏங் கண்ணு, சேலத்துல இருந்து ஒருத்தர் வந்து, எங்க நிருபர் உள்ள இருக்கார், கூப்புடுன்னு நிக்கறார். உள்ள ஆம்பளையே இல்லீங்கன்னா கேக்க மாட்டேங்கறார்" என்றார்.

நான் எழுந்து போனேன். கழுத்தில் அளவு நாடா, விரலில் தையல் தொப்பி, கையில் நோட்டு. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒரு குள்ளமான மனிதர். கூடைப்பந்து ஆடியவர் என்பதால் ஆறடி ஆளை எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. பிறகு நோட்டைப் பார்த்தார். பென்சிலில் நான் போட்டிருந்த கூடைக் கணக்குக் கோடுகளைப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

"இப்ப ஸ்கோர் எத்தனைங்க?" என்றார்.

"பதினாலு பன்னண்டுங்க. நாங்க பின்னாடி இருக்கறமுங்க."

"அப்புறம் இங்க என்னங்க நிக்கறீங்க? உள்ள போய்ப் பாருங்க."

ஓடினேன். எங்கள் பள்ளி ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றது. எழுதி முடித்து, ஒவ்வொரு தாளாகக் கம்பி இடுக்கு வழியாக நீட்டினேன். அவர் குடைக்கடியில் நின்று படித்தார். நான் ஆசையாகப் போட்டிருந்த 'அந்தோ' ஒன்றை மட்டும் அடித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் கொண்டுபோனார். ஒரு கூடைகூடக் கண்ணால் பார்க்காமல் மலையேறி வந்து திரும்பிய மனிதர், அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டுக்கொள்ளவில்லை. அடுத்த கார்டு "நிருபர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அதன்பின் நாலு வருஷம் எழுதினேன். அந்த மனிதருக்கும் மாரிமுத்து அண்ணனுக்கும் என் நன்றியை நேரில் சொன்னதே இல்லை. அந்தக் காலத்தில் அதெல்லாம் சொல்ல வராது. இப்போது சொல்கிறேன், கேட்க அவர்கள் இல்லை.

கல்யாணமாகி ஆத்தூருக்குப் போனேன். பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்த அண்ணன் பத்திரிகையை மட்டும் தவறாமல் அனுப்புவான். ஒரு வாரம் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன விளம்பரம். "ஏற்காட்டுக்கு நிருபர் தேவை. கூடைப்பந்து தெரிந்திருக்க வேண்டும். பெண்கள் மட்டும் எழுதவும்." அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை மாமியார் வந்து சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மறு வருஷம் பத்திரிகையே நின்றுபோனது. அச்சாபீஸ் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மைதானத்தில் கட்டடம் எழும்பிவிட்டது, தோல் பந்தும் போய்விட்டது. நான் எழுதிய அத்தனை வருஷத்தில் என் பேர் ஒரு தடவைகூட அச்சில் வந்ததில்லை. வந்திருந்தாலும் அந்த விளம்பரத்தின் கடைசி வரி கொடுத்த சந்தோஷத்தை அது கொடுத்திருக்காது.