அண்ணனின் எலும்பு டப்பாக்கள்

அண்ணனின் முதலாண்டு பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்லதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். அண்ணனைப் பற்றி எழுத நல்லது நிறைய உண்டு. நம்மைப் பற்றித்தான் இல்லை.

அண்ணன் தொண்டூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரியில் பிராணி சாஸ்திரம் படிக்க ஆசைப்பட்டார். நைனா திடீரென்று காலமாகிவிட, ஆசிரியப் பயிற்சியோடு நிறுத்திக்கொண்டு செஞ்சியில் வாத்தியாரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என் குடும்பத்தோடுதான் இருந்தார். பள்ளி விட்டதும் நேரே கோட்டைக்குள் இருக்கும் பழைய களஞ்சியத்துக்குப் போவார். அங்கே கூகைகள் குடியிருந்தன. கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பொறுக்கி வந்து, வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, தாடையில் உள்ள பல்லைப் பார்த்தே இது வயலெலி, இது சுண்டெலி, இது மூஞ்சூறு என்று சொல்லிவிடுவார். மாதவாரியாகச் சீட்டு ஒட்டி பிஸ்கட் டப்பாக்களில் அடுக்குவார். எட்டு வருஷம் இதே வேலை.

யுத்த காலத்தில் அரிசிக்கு நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். விளைந்ததை எலி தின்றது. எலியைத் தின்னும் கூகையை அபசகுனம் என்று நம் ஆட்கள் கல்லால் அடித்துக் கொன்றார்கள். வேண்டாம் என்று அண்ணன் வயல் வயலாகப் போய்ச் சொன்னார். கோட்டான் வாத்தியார் என்ற பட்டம்தான் கிடைத்தது. சென்னைக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. கூகை தின்னும் எலிக் கணக்கை அண்ணன் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு, எலும்புகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் அச்சேற்றலாம் என்று எழுதினார். அந்த வாரம்தான் அண்ணன் ரத்தமாக இருமி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்.

அதே சமயம் என் மகளுக்கு விடாத காய்ச்சல். பார்க்க வந்த சித்தப்பா டப்பா ஒன்றைத் திறந்தார்.

"இன்னாடா இது, வூடு பூரா எலும்பு? இதான்டா உங்க அண்ணன படுக்க வெச்சிது. இப்ப கொழந்தைய புடிச்சிக்கிச்சி. எல்லாத்தையும் கொளுத்திட்டு வூடு முழுக்க தீர்த்தம் தெளி."

"அண்ணன் ஆராய்ச்சிக்கு வெச்சிருக்காரு, சித்தப்பா."

"ஆராய்ச்சி பெருசா, பொண்ணு பெருசா?"

உங்களில் பலர் அன்று எங்கள் கொல்லையில் நின்றிருந்தீர்கள். விளக்கெரிக்கவே கிடைக்காத மண்ணெண்ணெய் அதற்கு மட்டும் மூன்று வீட்டிலிருந்து வந்தது. ஊற்றியவன் நான். அவை என்னவென்று அங்கே முழுசாகத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். மறுவாரம் டாக்டர் கொடுத்த கொய்னா மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. பெயரைச் சித்தப்பா தட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டப்பா எல்லாம் பத்திரமா இருக்குதா?"

"இருக்குதுண்ணா."

அந்தச் சொல்லை நம்பி, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வரலாம் என்று படுக்கையிலிருந்தே பேராசிரியருக்கு எழுதிவிட்டார். அண்ணன் வீடு திரும்பிய அன்றே அவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார். உட்கார முடியாமல் சாய்ந்திருந்த அண்ணன், "தம்பி, சாருக்கு டப்பாவ எடுத்து காட்டு" என்றார்.

"இல்லண்ணா. கொளுத்திட்டோம்."

பேராசிரியர் அதை நம்பவில்லை. இருந்தால்தானே கொளுத்துவதற்கு என்பதுபோல் அண்ணனைப் பார்த்தார். காப்பியைத் தொடாமல் அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டார். கட்டுரை திரும்பி வந்தது. அண்ணன் நடக்க முடிந்த நாட்களில் களஞ்சியத்துக்குப் போய் மறுபடியும் பொறுக்கினார். நான்கு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

சென்ற மாதம் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. மனம் கேட்காமல் மாணவர்களை அனுப்பி உருண்டைகளைச் சேகரிக்கச் செய்தாராம். 'நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. என் மாணவர்கள் இப்போது உங்கள் முறையில்தான் வேலை செய்கிறார்கள். உங்களைச் சந்தேகித்ததற்கு மன்னிக்க வேண்டும்.' கடிதம் அண்ணன் பெயருக்கு வந்திருந்தது.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும், அடக்கத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் குடும்பத்தின் நன்றி.

பேராசிரியருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. அண்ணன் இறந்ததை எழுதிவிடலாம். பொய் சொன்னது யார் என்பதையும் எழுத வேண்டுமே. அதைத்தான் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்த்தேன்.