போடிமெட்டில் மகன் எடுத்த பத்து நிமிடப் படம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து போடிமெட்டுக்குக் கேமராவோடு போய் வந்தோம் என்று தெரிந்ததும், எப்படிப் போனீர்கள், என்ன செலவானது என்று பலரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எழுதுகிறவன் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்ட நிலக்கடலை விவசாயி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது 1978 பிப்ரவரியில். என் மகன் நடராஜன் மெட்ராசில் சினிமாத் தொழில் படிக்கிறான். படிப்பை முடிக்க ஆளுக்கொரு பத்து நிமிடப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். மற்றப் பையன்கள் கடற்கரையையும் ரிக்‌ஷாவையும் எடுக்க, இவன் தன் அக்காவின் சாவுக்குப் பின்னால் எங்கள் வீடு என்ன ஆனது என்று எடுக்கப் போவதாகச் சொன்னான்.

அக்கா என்றால் என் மூத்த மகள் மரகதம். பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் கிளார்க்குக்குக் கொடுத்திருந்தோம். 1973இல் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்தவளைத் தலைப்பிரசவத்துக்கு நான்தான் அழைத்து வந்தேன். போடிமெட்டுக்குக் கீழே ரோட்டோரம் இடிந்து ஜீப் சரிந்ததில் அவள் போய்விட்டாள். டிரைவரும் நானும் பிழைத்தோம். என் இடது கால் ஒரு அங்குலம் குட்டையானது. மலைச் சரிவில் சரியான பக்கமாக நடந்தால் சமமாகிவிடும் என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பேன். என் மனைவி இன்றைக்கும் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். அதற்கும் ஏதாவது தமாஷ் சொல்லித்தான் அவளை உள்ளே அனுப்புவேன்.

அதிகாலை 5.10க்கு முதல் பஸ். பொள்ளாச்சிக்கு ஒரு மணி நேரம், ஒரு ரூபாய் முப்பது பைசா. அங்கிருந்து பழனி வழியாகத் திண்டுக்கல் சுமார் 120 கிலோமீட்டர், ஆறு ரூபாய். பழனியில் இறங்கிச் சாமி கும்பிடலாம் என்றேன். "படத்த முடிச்சுட்டு வந்து கும்புட்டுக்கலாங்கப்பா" என்றான். திண்டுக்கல்லில் சாப்பிட்டுத் தேனி பஸ்ஸைப் பிடித்தோம். அங்கிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர்தான். போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் இருவருக்கு அறை ஆறு ரூபாய். வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கேமராப் பெட்டி பன்னிரண்டு கிலோ இருக்கும். தூக்கியவன் நான் என்பதால் நிச்சயமாகச் சொல்கிறேன். நூறு அடி பிலிம் சுருள் நான்கு. ஒரு சுருள் மூன்று நிமிடம்கூட ஓடாது. கேமராவுக்குச் சாவி கொடுக்க வேண்டும், கடிகாரம் மாதிரி. ஒரு சாவிக்கு அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடி நின்றுவிடும். பேச்சு அதில் பதியாது, அதற்குத் தனியாக டேப் ரிக்கார்டர். நாங்கள் பேட்டரி செல் ஆறு கொண்டுபோயும் போதவில்லை.

திண்டுக்கல் பஸ்ஸிலேயே அவன் எழுதி வைத்திருந்த தாளைப் படித்துப் பார்த்தேன். என் மனைவி வாசலுக்கு வருவது இருந்தது. நான் சொல்லும் தமாஷும் இருந்தது. கடைசிப் பக்கத்தில் டிரைவர். பெயர் பவுன்ராஜ், லைசென்சு போன பிறகு போடிமெட்டில் டீக்கடை வைத்திருக்கிறார் என்று விசாரித்து எழுதியிருந்தான். அதற்குக் கீழே, 'இவருடைய அவசரம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

"இந்த ஆளு எதுக்கு?" என்றேன்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கோணுங்கப்பா. அந்த மழையில வண்டிய எதுக்கு எடுத்தீங்கன்னு. அஞ்சு வருசமா அவன நெனைக்காத நாளில்லீங்க."

எனக்கு வாயில் ஒரு தமாஷும் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குகிற மாதிரி இருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு மலை பஸ். 26 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஒரு ரூபாய் அறுபது. வலது பக்கம் உட்கார்ந்தால் கீழே சமவெளி தெரியும். நான் இடது பக்கம் உட்கார்ந்து மலைச்சுவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேலே இறங்கியதும் பனி முகத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி அடித்தது. செக்போஸ்டைத் தாண்டி இடது பக்கம் இரண்டாவது கடை. ஏலக்காய் மூட்டை ஏற்றும் ஆட்கள் இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள்.

பவுன்ராஜ் என்னைப் பார்த்த உடனே தெரிந்துகொண்டார்.

"வாங்கய்யா. காலு இப்ப எப்படி இருக்கு?"

"நொண்டுது. ஆனா என்ன விட்டுப் போட்டுப் போகாமக் கூடவே வருது."

அவர் சிரித்தார். டீ ஆற்றும்போது வலது கையின் மூன்று விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்தன. அன்றைக்கு ஸ்டீரிங்கில் நசுங்கியது.

நடராஜன், தான் யாரென்று சொல்லிவிட்டு, படம் எடுக்கலாமா என்று கேட்டான். "எடுங்க தம்பி" என்றார், தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்து வைத்தபடி. டேப் ரிக்கார்டரை டீ பாய்லருக்குப் பக்கத்தில் வைத்து நான்தான் பட்டனை அழுத்தினேன். நடராஜன் சாவி கொடுத்துக் கேமராவை அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"அன்னைக்கு அந்த மழையில எதுக்குங்க வண்டிய எடுத்தீங்க?"

பவுன்ராஜ் என்னைப் பார்த்தார். பார்த்தது இரண்டு நொடிதான் இருக்கும். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"எடுத்தது நாந்தான் தம்பி. ஸ்டீரிங்கு என் கையிலதான இருந்துச்சு. வேறென்னத்தச் சொல்றது."

அவ்வளவுதான் சொன்னார். சாவி தீர்ந்து கேமரா நின்றது. 'பாத்தீங்களா' என்கிற மாதிரி என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடராஜன் மறுபடி சாவி கொடுத்தான்.

"நட்ராசு, அத என் பக்கம் திருப்பு" என்றேன்.

"அப்பறம் எடுக்கறேனுங்கப்பா."

"இப்பத் திருப்பு. டேப்பு ஓடட்டும்."

நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஆனி மாதக் கடைசி நாள். விடிந்தால் ஆடி. ஆடியில் பிள்ளைத்தாச்சியைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்தில் ஆகாது. ஆடி முடிந்தால் எட்டாம் மாதம், அதிலும் அழைக்கக் கூடாது. ஒன்பதாம் மாதம் வயிற்றைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க முடியாது. ஆக, இருந்தது அந்த ஒரு நாள்தான். இதே செக்போஸ்டுக்குப் பக்கத்தில் பவுன்ராஜ் வண்டியை நிறுத்தினார். "கீழ மண்ணு எளகிக் கெடக்குய்யா, மழை விட்டுப் போவோம், ராத்திரி இங்கனயே தங்கிக்கலாம்" என்றார். பின்னால் இருந்த மரகதமும், "டிரைவரண்ணன் சொல்றதக் கேளுங்கப்பா" என்றாள். நான் கேட்கவில்லை. "ஓட்டப் பயமா இருந்தா எறங்கு, வேற ஆளப் பாத்துக்கறேன்" என்று அந்த மனிதரைப் பத்துப் பேருக்கு முன்னால் சொன்னேன். அவர் எடுத்தார். மூன்று கிலோமீட்டர் போனோம்.

பிற்பாடு ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து, டிரைவர் அவசரப்பட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்கிற மாதிரி நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அதில் அவர் லைசென்சு போயிற்று.

பாதிப் பேச்சிலேயே கேமரா நின்றுவிட்டது, அதன் கிர் சத்தம் அடங்கியதிலிருந்து தெரிந்தது. நடராஜன் மறுபடி சாவி கொடுக்கவில்லை. கேமராவை முகத்திலிருந்து இறக்காமலே நின்றான். டேப் மட்டும் ஓடியது. பெஞ்சில் இருந்த இருவரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

பவுன்ராஜ்தான் முதலில் பேசினார். "எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைக, அய்யா. நீங்க வையும்போது நான் எறங்கிருக்கணும். எறங்கல. அத நெனச்சுத்தான் எனக்குத் தூக்கம் வராது."

"ஏன் அண்ணா, யாருகிட்டயும் சொல்லலீங்க?" என்று நடராஜன் கேட்டான். அண்ணா என்று சொன்னதை நான் கவனித்தேன்.

"சொன்னேன் தம்பி. புள்ளையப் பறிகொடுத்தவரு தலையாட்டுனதுக்கு அப்பறம், டிரைவரு பேச்ச யாரு கேக்குறா?"

ஜீப் சரிந்த வளைவுக்கு நாங்கள் நடந்தே இறங்கினோம். மகன் என்னோடு பேசவில்லை. பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான். அது எனக்குப் பெட்டியைவிடக் கனமாக இருந்தது. வளைவில் இப்போது புதுச் சுவர் கட்டிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அவன் அதை ஒரு சாவி அளவுக்கு எடுத்தான். என்னை அங்கே நிற்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டேப்பை என் மனைவிக்குப் போட்டுக் காட்டட்டுமா என்று அவன் கேட்டான். டீக்கடைக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. நான்கு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், "ஏனுங்க, அந்த டிரைவருக்கு ஊட்டுல யாரு இருக்கறாங்க?" என்றாள். இரண்டு பெண் பிள்ளைகள் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. இப்போதும் ஜீப் சத்தத்துக்கு வாசலுக்கு வருகிறாள். நான் தமாஷ் சொல்வதை நிறுத்திவிட்டு அவளோடு போய் நிற்கிறேன். அப்படி நிற்பதைக் கொஞ்சம் எடுத்துப் படத்தில் சேர்த்திருக்கிறான் நடராஜன். தாளில் இரண்டு கோடு போட்ட வரியை அடித்துவிட்டான். அந்த இடத்தில் என் முகமும், பாதியில் பிலிம் நின்று வெறும் கறுப்பில் என் குரலும் வருகின்றன. படத்தைப் போட்டுக் காட்டும்போது அந்தக் கறுப்பில் பார்க்கிறவர்கள் இருமுகிறார்கள். நானும் இருமுகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனி நல்லது. மாலை நான்கரை பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கீழே இறங்க முடியாது, கம்பளி அவசியம். பேட்டரி செல்லைப் போடியிலேயே வாங்கிவிடுங்கள், மேலே கிடைக்காது. ஆனி, ஆடியில் போவதாக இருந்தால் பஞ்சாங்கம் உங்கள் ஊரில் அச்சடித்தது, மழை மேலே பெய்வது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை எடுக்க வேண்டாம் என்று டிரைவர் சொன்னால் இறங்கிவிடுங்கள். பவுன்ராஜ் கடையில் டீ நன்றாக இருக்கும், நின்று குடியுங்கள். அந்த விபத்தைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். கேட்கத் தோன்றினால் கொழிஞ்சாம்பாறைக்கு வாருங்கள், நான் சொல்கிறேன்.